கோடோ: ஆடுபவரை எண்ணாத கேம் எஞ்சின்

கேம் செய்ய உதவும் மென்பொருளான கோடோ எஞ்சினைத் தொடங்க மின்னஞ்சல் முகவரி கேட்க மாட்டார்கள். கணக்கு, கடவுச்சொல், உரிமக் கோப்பு, 'நீங்கள் தனிநபரா நிறுவனமா' என்று ஒரு படிவம், எதுவும் கிடையாது. தளத்திலிருந்து ஒரு ஜிப் கோப்பை இறக்க வேண்டும். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அது நூறு எம்பிகூட வராது. பிரித்து ஓடவிட்டால் எடிட்டர் திறந்துவிடும். இன்ஸ்டால் செய்வது என்று தனியாக ஒரு வேலையே இல்லை.

சில வருடங்களாக என் சின்னச் சின்ன கேம்களை இதில்தான் செய்கிறேன். கோடோவின் 2டி எப்படி, 3டி எப்படி, வேகத்தில் மற்ற எஞ்சின்களோடு போட்டி போடுமா என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் கேள்வி வேறு. இந்தக் கருவி என்னைப் பற்றி யாருக்காவது எதையாவது சொல்கிறதா? நான் இதில் செய்த கேம், அதை ஆடுபவரைப் பற்றி யாருக்காவது எதையாவது சொல்கிறதா? இந்த இரண்டையும் வைத்துத்தான் இந்த மதிப்புரை.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு மொபைல் கேம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கே எந்த கேமாக இருந்தாலும் உள்ளே ஒரு அனலிடிக்ஸ் எஸ்டிகே, அதாவது ஆடுபவர் செய்வதைப் பதிந்து அனுப்பும் நிரல் தொகுப்பு, போகும். சில கேம்களில் மூன்று, நான்குகூட இருக்கும். ஒரு நாள் ஒரு நிரல் பிழை எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு ஆளின் பதிவுகள் வரிசையாக என் திரையில் வந்தன. இரவு 2:40க்கு கேமைத் திறந்திருக்கிறார். பதினான்காம் லெவலைத் திரும்பத் திரும்ப ஆடியிருக்கிறார். பேட்டரி 9 சதவீதம். மூடிவிட்டு, சில நிமிடங்களில் மறுபடி திறந்திருக்கிறார். பெயர் இல்லை, ஒரு நீளமான எண் மட்டும்தான். ஆனாலும் அந்த ஆள் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை முன்பின் தெரியாத என்னிடம் சொல்ல வேண்டுமென்று அவர் நினைத்திருக்கவே மாட்டார். அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிவுகளை வைத்துப் பேசியது, பதினான்காம் லெவலில் எந்த இடத்தில் விளம்பரத்தைச் செருகலாம் என்பதைப் பற்றி.

அது அந்த ஒரு நிறுவனத்தின் பழக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது. 2018-இல் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் இருந்த பல கேம்களுக்குள் ரெட் ஷெல் என்ற நிரல் இருப்பதை ஆடுபவர்களே கண்டுபிடித்தார்கள். யார் எந்த விளம்பரத்தைக் கிளிக் செய்துவிட்டு வந்து கேமை வாங்கினார் என்று, அவர் கணினியின் அடையாளங்களை வைத்துப் பொருத்திப் பார்க்கும் வேலை அதற்கு. காசு கொடுத்து வாங்கிய கேம்கள் அவை. எதிர்ப்பு கிளம்பியதும் பல நிறுவனங்கள் அடுத்தடுத்த அப்டேட்டில் அதைத் தூக்கிவிட்டன. தூக்கியதால் எந்த கேமும் ஆட முடியாமல் போகவில்லை. ஆடுபவருக்காக அது அங்கே வைக்கப்படவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பிறகு 2023 செப்டம்பர் 12. யூனிட்டி நிறுவனம், தன் எஞ்சினில் செய்த கேம் ஒவ்வொரு முறை இன்ஸ்டால் ஆகும்போதும் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. இலவசத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, ஒரு வருடத்தில் 2,00,000 டாலர் வருமானமும் மொத்தம் 2,00,000 இன்ஸ்டாலும் தாண்டினால், அதற்குமேல் ஒரு இன்ஸ்டாலுக்கு 20 சென்ட். எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் கொதித்தார்கள், அது நியாயம்தான். எனக்கு உறுத்தியது இன்னொன்று. எத்தனை பேர் இன்ஸ்டால் செய்தார்கள் என்று எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டதற்கு, எங்களிடம் சொந்தமாக ஒரு தரவு மாதிரி இருக்கிறது, அதை வைத்துக் கணக்கிடுவோம் என்றார்கள். நான் செய்த கேமை யாரோ ஒருவர் தன் வீட்டில் தன் கணினியில் போடுவது, எங்கள் இருவரையும் தாண்டி மூன்றாவதாக ஒருவரின் கணக்கில் ஏற வேண்டும். எண்ண வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். அந்தக் கட்டணத்தைச் சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 12 அன்று, ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் 2023-இல் அறிவிப்பு வந்த அந்த ஒரு வாரத்தில் கோடோ பக்கம் வந்த கூட்டம் பெரியது. டெரேரியா கேமைச் செய்த ரீ-லாஜிக் நிறுவனம் கோடோவுக்கு 1,00,000 டாலர் கொடுத்ததும் அப்போதுதான்.

கோடோ இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது? ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இரண்டு அர்ஜென்டினாக்காரர்கள் தங்கள் வேலைக்காகச் செய்துவைத்திருந்த எஞ்சின் இது. 2014-இல், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் மூல நிரலைத் திறந்துவிட்டார்கள். இப்போது நெதர்லாந்தில் பதிவான ஒரு அறக்கட்டளை இதைப் பார்த்துக்கொள்கிறது. வருமானத்தில் பங்கு கேட்பதில்லை, ஆகவே வருமானத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. எம்ஐடி உரிமம் கேட்பது ஒன்றே ஒன்று: காப்புரிமை அறிவிப்பை கேமோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வாசகத்தை எடுத்துத் தர எஞ்சினுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நான் அதை 'கேமைப் பற்றி' என்ற திரையில் அப்படியே போட்டுவிடுவேன்.

திறந்த மூலம் என்பதாலேயே ஒரு மென்பொருள் வேவு பார்க்காது என்று நம்பிவிடக் கூடாது. ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியும் திறந்த மூலம்தான். 2021-இல் அது கைமாறிய பிறகு அதில் டெலிமெட்ரி, அதாவது பயன்பாட்டுத் தரவைத் தானாக அனுப்பும் வசதி, சேர்க்கும் யோசனை வந்தது, பயன்படுத்துபவர்கள் சத்தம் போட்டதால் அதைக் கைவிட்டார்கள். உரிமம் எதையும் தடுக்காது. ஒரு மென்பொருளைச் செய்பவர்கள் எதை இயல்பு நிலையாக வைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வகையில் எனக்கு கோடோவில் ரொம்பப் பிடித்தது 4.3 பதிப்பில், 2024-இல், வந்த ஒரு சின்ன மாற்றம். எடிட்டர் அமைப்புகளில் நெட்வொர்க் மோடு என்று ஒன்று சேர்த்தார்கள். புதிதாக இறக்கும்போது அது ஆஃப்லைனில் இருக்கும். மற்றவர்கள் செய்துவைத்த துணைக் கோப்புகள் கிடைக்கும் அசெட் லைப்ரரி பக்கத்துக்குப் போனால், இதற்கு இணைய இணைப்பு வேண்டும், இணையம் வழியாகத் தரவு போகும் என்று முதலில் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஆன்லைனுக்குப் போக ஒரு பட்டன் காட்டும். அழுத்தினால்தான் போகும். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே அனுமதிக்குள்தான். கேட்டுவிட்டு அனுப்புவது என்பது எவ்வளவு எளிய விஷயம் என்று அந்தப் பட்டனைப் பார்க்கும்போது தோன்றும். எடிட்டர் கிராஷ் ஆனாலும் யாருக்கும் அறிக்கை பறப்பதில்லை. பிழை விவரம் டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலில் வரும், வேண்டுமென்றால் நாமே எடுத்து அவர்களுடைய கிட்ஹப் பக்கத்தில் போடலாம்.

கேமை ஓடவிட்டுச் சோதிக்கும்போது மட்டும் ஃபயர்வால் ஏதாவது கேட்கலாம். எடிட்டரும் ஓடிக்கொண்டிருக்கும் கேமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 6007 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, பயன்படுத்துகின்றன. அது நம் கணினிக்குள்ளேயே நடக்கும் பேச்சு, வெளியே போவதில்லை.

இன்னொரு வசதியும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. முன்னும் பின்னும் அடிக்கோடு வைத்து எஸ், சி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு காலிக் கோப்பை எடிட்டர் இருக்கும் ஃபோல்டரில் வைத்தால் போதும். அமைப்புகள், கேச், சமீபத்தில் திறந்த ப்ராஜெக்டுகளின் பட்டியல் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். பலர் மாறி மாறி உட்காரும் பொதுக் கணினியில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

சரி, எடிட்டர் யோக்கியமாக இருக்கிறது. அதில் செய்த கேம்?

ஆண்ட்ராய்டுக்கு எக்ஸ்போர்ட் செய்யும், அதாவது கேமை போனில் ஓடும் செயலியாக மாற்றும், ஜன்னலைத் திறந்து கீழே போனால் அனுமதிகளின் நீண்ட பட்டியல் வரும். கேமரா, தொடர்புகள், இருப்பிடம், மைக், இணையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எதுவும் டிக் செய்யப்பட்டிருக்காது. என் தமிழ்ச் சொல் விளையாட்டில் தவறான விடைக்கு போன் லேசாக அதிர வேண்டும், அதனால் வைப்ரேட் அனுமதியை மட்டும் டிக் செய்தேன். இணையம்கூட இல்லை. கேபிளில் இணைத்து டீபக் செய்யும்போது, அதாவது பிழை தேடும்போது, எடிட்டர் இணைய அனுமதியைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும், வெளியிடும் கோப்பில் அது வராது. வெளியிடும் முன் ஏபிகே என்ற செயலிக் கோப்பை எக்ஸோடஸ் என்ற பிரெஞ்சு அமைப்பின் கருவியில் கொடுத்துப் பார்த்தேன். டிராக்கர்கள் எனப்படும் தெரிந்த கண்காணிப்பு நிரல்களின் அடையாளங்கள் ஒரு செயலிக்குள் இருக்கின்றனவா என்று தேடிச் சொல்லும் கருவி அது. டிராக்கர் ஒன்றும் இல்லை, அனுமதி அந்த ஒன்றுதான். முன்பு வேலை பார்த்த இடத்தில் டிராக்கர்களின் பட்டியலைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்தக் காலியான பக்கம் தந்த நிறைவு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் ஆண்ட்ராய்டு எக்ஸ்போர்ட்டுக்குத் தயாராவது கோடோவின் முதல் பத்து நிமிடங்களைப் போல இருக்காது. எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டுகள் கிட்டத்தட்ட ஒரு ஜிபி. அதற்குமேல் ஜாவா மொழிக் கருவிகளான ஜேடிகே வேண்டும், ஆண்ட்ராய்டு செயலி செய்யும் கருவிகளான ஆண்ட்ராய்டு எஸ்டிகே வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ முழுவதையும் போட விருப்பமில்லாதவர்கள் கமாண்ட் லைன் கருவிகளை மட்டும் இறக்கி, பாதையை எடிட்டர் அமைப்புகளில் கொடுத்தால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கோடோவை ஒரு காவலாளி என்று நினைத்துவிட வேண்டாம். கருவியின் தனி அடையாள எண்ணை எடுத்துத் தரும் ஃபங்ஷன் எஞ்சினிலேயே இருக்கிறது. விளம்பரம், அனலிடிக்ஸ் ப்ளக்இன்கள் வேண்டுமென்றாலும் கிடைக்கும். ஒருவர் வேவு பார்க்க முடிவெடுத்தால் கோடோ கையைப் பிடித்துத் தடுக்காது. தானாக எதையும் செய்யாது, அவ்வளவுதான். அந்த வேறுபாடு எனக்குப் போதும். ஏனென்றால் நான் பார்த்த வரையில் பெரும்பாலான கண்காணிப்பு யாரும் உட்கார்ந்து முடிவெடுத்து நடப்பதில்லை. டெம்ப்ளேட்டில் இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம் என்றுதான் நடக்கிறது.

சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் எழுத விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்குத் தனிப் பதிப்பு உண்டு, அதனோடு மைக்ரோசாஃப்டின் நிரல் கருவிகளான டாட்நெட் எஸ்டிகே வேண்டும். அந்த எஸ்டிகே தன் பங்குக்குப் பயன்பாட்டுத் தரவை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும். கணினியில் ஒரு சூழல் மாறியை (என்விரான்மென்ட் வேரியபிள்) அமைத்து அதை நிறுத்தலாம், ஆனால் நிறுத்த வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. பைத்தான் எழுதத் தெரிந்தவர்களுக்கு அது சீக்கிரம் பழகிவிடும்.

பாதுகாப்பு என்று வரும்போது கோடோவிடம் எனக்கு ஒரு குறை உண்டு. எடிட்டருக்குள் ஓடும் சின்ன நிரல்களான டூல் ஸ்கிரிப்டுகளுக்கு எந்த வேலியும் கிடையாது. யாரோ ஒருவர் கொடுத்த ப்ராஜெக்டைத் திறந்தால், அதில் உள்ள டூல் ஸ்கிரிப்ட் நம் கோப்புகளை நாம் படிப்பதுபோலவே படிக்க முடியும். ஆடுபவர் பக்கமும் இதே கதைதான். ஆட்டத்தின் முன்னேற்றத்தைச் சேமிக்கும் சேவ் கோப்பை கோடோவின் ரிசோர்ஸ் வடிவில் வைப்பது எளிது என்று பல பாடங்களில் சொல்லித் தருவார்கள். ஆனால் அந்த வடிவத்துக்குள் ஸ்கிரிப்டை ஒளித்துவைக்க முடியும். இணையத்தில் கிடைத்த சேவ் கோப்பை ஆசையாக எடுத்துப் போட்டால், அதில் இருப்பது ஓடிவிடும். ஆகவே சேவ் என்றால், தரவை மட்டும் எழுத்தாக வைக்கும் ஜேசன் வடிவம். கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும், பரவாயில்லை. 2024-இல் கோடோவை வைத்தே தீநிரல் பரப்பிய ஒரு கும்பலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எஞ்சினில் ஓட்டை என்று அதைச் சொல்ல முடியாது, எந்த மொழியிலும் அப்படி எழுதலாம். ஆனாலும் டூல் ஸ்கிரிப்டுகளை அனுமதி கேட்டு ஓடவைக்கும் ஒரு ஏற்பாடு வந்தால் நிம்மதியாக இருக்கும்.

இப்போது தமிழ். என்னுடைய கேம் ஒரு சொல் விளையாட்டு. மெய்யெழுத்துக் கட்டத்தையும் உயிரெழுத்துக் கட்டத்தையும் இழுத்து ஒட்டினால் உயிர்மெய் பிறக்கும். க் என்பதோடு ஒ சேர்ந்தால் கொ. அப்படிச் செய்த எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்க வேண்டும். கோடோ 3 காலத்தில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. சிக்கலான எழுத்து வடிவங்களை அடுக்கும் திறன் அதற்கு இல்லை. கொ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராது. 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் எழுத்து அமைப்பை முழுக்க மாற்றினார்கள், எழுத்துகளைக் கையாளும் ஹார்ஃப்பஸ், ஐசியூ என்ற இரண்டு நிரல் நூலகங்களும் உள்ளே வந்தன. அன்றிலிருந்து தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது.

தெரிவது ஒன்று, எண்ணுவது இன்னொன்று. 'கொக்கு' என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஜிடிஸ்கிரிப்டைக் கேட்டால் 6 என்று சொல்லும். க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று யூனிகோடு குறிகளை எண்ணும். தமிழ் படித்த குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். அந்த மூன்றைப் பெற, எஞ்சினுக்குள்ளேயே எழுத்தைக் கையாளும் டெக்ஸ்ட் சர்வர் என்ற பகுதியில் எழுத்து எல்லைகளைத் தரும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கொ, க், கு என்று சரியாகப் பிரித்துக் கொடுக்கும். க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாக வரும், அதற்கு நான் தனியாக ஒரு வரி எழுதிக்கொண்டேன். இவ்வளவும் ஆடுபவரின் கருவியிலேயே நடந்துவிடுகிறது. எந்த ஆன்லைன் சேவைக்கும் அவர் தட்டிய எழுத்தை அனுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தமிழில் உரையாடல் உள்ள கேம் செய்பவர்களுக்குப் பயன்படும். எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றவைக்கும் டைப்ரைட்டர் விளைவை இயல்பான அமைப்பில் வைத்தால், முதலில் க வரும், அடுத்த நொடி அது வலப்பக்கம் தள்ளப்பட்டுக் கொம்பு முன்னால் முளைக்கும். வரி முழுவதும் துடித்துக்கொண்டே இருக்கும், கண் வலிக்கும். லேபிளில் தெரியும் எழுத்துகளின் நடத்தை என்ற அமைப்பை 'வடிவமைத்த பின்' என்ற தேர்வுக்கு மாற்றினால் கொ முழு எழுத்தாக வரும்.

எழுத்துருவில்தான் தனியுரிமை மறுபடி உள்ளே வருகிறது. கோடோவின் எடிட்டருக்குள் தமிழ் அழகாகத் தெரியும், ஏனென்றால் எடிட்டர் தன்னோடு நோட்டோ எழுத்துருக்களை வைத்திருக்கிறது. எக்ஸ்போர்ட் ஆகும் கேமின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. கணினியில் ஓடும்போது அந்தக் கணினியின் தமிழ் எழுத்துருவை இரவல் வாங்கிச் சமாளிக்கும். பிரவுசரில் அந்த இரவல் கிடைக்காது, வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். இணையப் பக்கம் செய்து பழகியவர்கள் இந்த இடத்தில் கூகுள் எழுத்துருச் சேவையிலிருந்து இழுக்க நினைப்பார்கள். அப்படி இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஆடுபவரின் ஐபி முகவரி அங்கே போய்ச் சேரும். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், இப்படி ஐபி முகவரியைக் கொடுத்த ஒரு தள உரிமையாளர் வழக்குப் போட்டவருக்கு 100 யூரோ கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் சுதந்திர உரிமத்தில் இருக்கிறது. அந்தக் கோப்பை ப்ராஜெக்டுக்குள் போட்டு, கேமின் தோற்ற அமைப்பான தீமில் குறிப்பிட்டுவிட்டால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியும், யாருக்கும் எதுவும் போகாது.

பிரவுசர் பதிப்பைப் பற்றி மேலும் இரண்டு விஷயம். 4.0 முதல் 4.2 வரை அதை ஓடவைக்க, கேமை வைத்திருக்கும் சர்வர் சிறப்புத் தலைப்புகளை (ஹெடர்) சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது, 4.3-இல் ஒரே திரெட்டில் (ஒரே செயல் இழையில்) ஓடும் எக்ஸ்போர்ட் வந்த பிறகு அந்தத் தலைவலி போனது. அப்புறம், சேவ் கோப்பு பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும். தனியுரிமையில் அக்கறை உள்ளவர்கள் பிரவுசரை மூடும்போதே எல்லாவற்றையும் அழித்துவிடும்படி வைத்திருப்பார்கள், அவர்களுடைய முன்னேற்றமும் சேர்ந்து போய்விடும். சேமிப்பு நிலைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள கோடோவில் ஒரு ஃபங்ஷன் உண்டு. நிலைக்காது என்றால் என் கேம் முதல் திரையிலேயே அதைச் சொல்லி, சேவை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளச் சொல்லும்.

கண்காணிப்பே இல்லாமல் கேமை எப்படி மேம்படுத்துவாய் என்று பழைய சகாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும். கணினிகளில் கோடோ கேம் ஒவ்வொரு முறை ஓடும்போதும் நடந்ததைக் குறித்துவைக்கும் ஒரு லாக் கோப்பை எழுதும், இயல்பாகக் கடைசி ஐந்தை வைத்துக்கொள்ளும். அதில் எஞ்சின் பதிப்பு, கிராஃபிக்ஸ் கார்டின் பெயர், பிழைச் செய்திகள் இருக்கும். ஆடுபவரின் கணினியிலேயேதான் இருக்கும். ஆனால் அதை அப்படியே அனுப்பச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோப்பின் முழுப் பாதையை அச்சிடும் ஒரு வரி இருந்தால் போதும், விண்டோஸில் ஆளின் பெயர் அந்தப் பாதையிலேயே வந்துவிடும். 4.5 பதிப்பில் சொந்தமாக லாகர் எழுதும் வசதி வந்ததும் நான் முதலில் செய்தது, அந்தப் பெயர் இருக்கும் பகுதியை எடுத்துவிட்டு எழுதும் ஒரு சின்ன லாகரைத்தான்.

கேமில் 'பிரச்சினையை எழுத' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் கேமின் பதிப்பு, இயங்குதளம், கிராஃபிக்ஸ் கார்டு, கடைசி லாக் வரிகள் எல்லாம் ஒரு பெட்டியில் முழுதாகத் தெரியும். வேண்டாத வரியை ஆடுபவரே அழிக்கலாம். காப்பி பட்டனை அழுத்தினால் கிளிப்போர்டுக்குப் போகும், அதற்குமேல் கேம் எதுவும் செய்யாது. எனக்கு மெயிலில் அனுப்புவதும் அனுப்பாததும் அவர் விருப்பம். வரும் மெயில்கள் குறைவுதான். ஆனால் ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: மூன்றாம் லெவலில் மெய்க் கட்டம் எது, உயிர்க் கட்டம் எது என்று தன் மகனுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை, அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும் என்று. ஆடுபவர்களின் புள்ளிவிவரத்தைக் காட்டும் டாஷ்போர்டு இருந்திருந்தால் மூன்றாம் லெவலில் ஒரு ஆள் விலகினார் என்று ஒரு கோடு கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருக்கும். மெய்க் கட்டங்களின் மூலையில் இப்போது ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

கேமை எங்கே கொடுப்பது என்பது கோடோவின் கையில் இல்லை. ஸ்டீமில் போட்டால், யார் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது ஸ்டீமுக்குத் தெரியும், எஞ்சின் எவ்வளவு யோக்கியமாக இருந்தும் பயனில்லை. நான் கேம்களைப் பகிரும் இட்ச் என்ற தளத்தில் வைத்திருக்கிறேன். இலவச கேம்களை அங்கே கணக்கு இல்லாமலே இறக்கலாம். தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை நாமே தீர்மானிக்கலாம், இயல்பாக 10 சதவீதம். எத்தனை பேர் இறக்கினார்கள் என்று ஒரு எண் எனக்குத் தெரியும். இறக்கிய பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை.

யாருக்கு இது ஒத்துவராது என்றும் சொல்லிவிட வேண்டும். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலில் வெளியிடும் திட்டம் இருந்தால் கோடோ நேரடியாக உதவாது. கன்சோல் நிறுவனங்களின் ரகசிய ஒப்பந்தங்கள் திறந்த மூலத்தோடு சேராது, ஆகவே வெளி நிறுவனங்களிடம்தான் போக வேண்டும். சி ஷார்ப்பில் எழுதி பிரவுசருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கும் கோடோ 4-இல் இன்னும் வழி இல்லை. மற்றபடி சின்ன கேம்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டோம் கீப்பர், ப்ரோட்டாட்டோ, காஸெட் பீஸ்ட்ஸ் எல்லாம் இதில் செய்தவை.

புதிதாகத் தொடங்குபவர்கள் டாட்நெட் இல்லாத சாதாரணப் பதிப்பை இறக்குங்கள், 4.5 அல்லது அதற்குப் பிந்தையது. அசெட் லைப்ரரியில் உண்மையிலேயே ஏதாவது தேவைப்படும் நாள்வரை நெட்வொர்க் மோடை ஆஃப்லைனிலேயே விட்டுவையுங்கள். எக்ஸ்போர்ட் ஜன்னலில் அனுமதிப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டு, எதை டிக் செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று கேமின் விவரப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்.